வேலிக்கு மேலால் வந்த தட்டு

இனாமலுவைச் சந்தியில் திருக்கோணமலை பஸ்ஸை விட்டு இறங்கிச் சீகிரியா வீதியில் திரும்பினால், கிம்பிஸ்ஸவைத் தாண்டும்வரை இரண்டு பக்கமும் பலகைகள்தான். அறை வாடகைக்கு, யானை பார்க்க ஜீப், மூலிகை எண்ணெய் மசாஜ். இவற்றுக்கு நடுவே கொஞ்சக் காலமாக இன்னொரு வகைப் பலகையும் முளைத்திருக்கிறது: இந்தியச் சாப்பாடு, சைவம் தனியாக, மசாலா தோசை உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் ஒன்றையும் நான் காணவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சாப்பிட வருகிறவர் எந்த மொழியை வாசிப்பாரோ அந்த மொழியில்தான் கடைக்காரர் எழுதுவார். 2024ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர். காசியப்பனின் சீகிரியாக் குன்றில் மூச்சிரைக்க ஏறி இறங்குகிற குஜராத்திக் குடும்பத்துக்கு மத்தியானம் பசிக்காதா?

ஆனால் அந்தத் தோசைப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் தோசை தின்ன எங்கள் ஊருக்கு வந்தார்கள். தம்புள்ளை, நாலந்தை, அக்குரம்பொடச் சந்தி என்று அறுபது கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கி, மாத்தளையில் இறங்கி, திருக்கோணமலை வீதியில் ஒரு சைவக் கடையில் உட்கார்ந்து, "தோசெ தெகக்" என்பார்கள். இரண்டு தோசை என்று அர்த்தம். அந்தக் கடையின் கல்லாவில் இருந்தவர் என் அப்பா.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வாசலில் கண்ணாடி அலுமாரி. அதற்குள் உளுந்து வடை, கடலை வடை, சூசியம், போளி, மஞ்சள் லட்டு. உள்ளே மாபிள் மேசைகள் ஐந்தோ ஆறோ. பின்கட்டில் ஆட்டுக்கல், அதன் சத்தம் பின்னேரம் தொடங்கினால் இரவு படுக்கும்வரை ஓயாது. மேசையில் உட்கார்ந்தவுடன் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் பலகாரமும் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதுக்கு மட்டும் கணக்கு, மிச்சம் அலுமாரிக்குத் திரும்பிவிடும். வெளிநாட்டில் இருந்து வருகிற என் மருமக்கள் இதைக் கேட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். அன்று யாரும் சுளிக்கவில்லை. தோசைக்குக் கொஞ்சம் கோதுமை மா சேர்ப்பது இலங்கை வழக்கம். இந்தியாவில் இருந்து வருகிறவர்கள் அதைத் தோசை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொட்டுக்கொள்ளச் சாம்பார் இருந்தாலும் சிங்கள வாடிக்கைக்காரர் கேட்பது கட்டச் சம்பல். கண்ணில் நீர் வரும்வரை உறைக்க வேண்டும்.

சிங்களம் தெரியாத என் அம்மாவுக்கும் கடையில் பாதிப் பேச்சு விளங்கும். கடைக்குச் சிங்களத்தில் கடே. முதலாளிக்கு முதலாலி. காசுக்குச் சல்லி. தோசெ, வடே, அப்ப, இந்தியாப்ப, பிட்டு. அக்காவுக்கும் மாமாவுக்கும் மொழிபெயர்ப்பே வேண்டாம், இரண்டு மொழியிலும் அதே சொற்கள். அதனால்தான் மாதத்துக்கு ஒருமுறை சீகிரியாப் பக்கத்தில் இருந்து வந்துபோன அந்த மனிதரை வீட்டில் எல்லோரும் உளுந்து மாமா என்றே அழைத்தோம். அவருடைய பெயர் எனக்குப் பல வருடம் தெரியாது.

உளுந்து மாமா சேனைக்காரர். காட்டின் ஓரத்தை வெட்டி எரித்து, ஐப்பசி மழைக்கு விதைத்து, தை மாசியில் அறுக்கிற பயிர்ச்செய்கை. குரக்கன், எள்ளு, பயறு, எல்லாவற்றுக்கும் மேலாக உளுந்து. வறண்ட வலயத்தின் சேனை உளுந்து சிறியது, கறுப்பு மங்கலாக இருக்கும், ஆனால் ஆட்டினால் பொங்கும் என்று கடைச் சமையல்காரர் சத்தியம் பண்ணுவார். மாமா பஸ்ஸின் கூரையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வருவார். பின்கட்டில் தராசு. அரை மணிநேரம் விலைப் பேச்சு. பேச்சு முடிந்ததும் முன்பக்கம் வந்து மேசையில் அமர்ந்து இரண்டு தோசை. தன் சேனையில் விளைந்ததைத் தானே காசு கொடுத்துத் தின்கிறார் என்று அப்பா பகிடி பண்ணுவார். இன நல்லிணக்கம் என்று இப்போது கருத்தரங்கு வைக்கிறார்கள். அன்று எங்கள் கடையில் அந்தச் சொல்லை யாரும் சொன்னது கிடையாது. அங்கே இருந்தது உளுந்தும் தராசும்.

அவர் புது உளுந்தோடு வருகிற காலமும் அம்மன் தேர்க் காலமும் ஒன்றாகவே அமையும். அறுவடை முடியும்போது மாசி மகம் வரும். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு அன்று ஐந்து தேர், பஞ்சரதம். அந்தக் கோயிலின் கதையைத் தெரிந்தால்தான் தேரைப் பார்க்கிறவர்களின் முகம் விளங்கும். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து வந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக மாத்தளைக்கு வந்தது. சீகிரியாக் குன்று கிழக்கே தொலைவில் தெரிந்திருக்கும். நிமிர்ந்து பார்க்க யாருக்குத் தெம்பு இருந்திருக்கும்? வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவந்தார்கள். உயிரோடு மாத்தளை சேர்ந்தவர்கள் ஒரு மரத்தடியில் மாரியை வைத்துக் கும்பிட்டார்கள். மழைக்கும் நோய்க்கும் அவள்தானே பொறுப்பு. வயல்நிலம் ஒன்று 1852இல் கோயிலுக்குக் கிடைத்தது, 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் உதவியில் கட்டடம் எழுந்தது. கண்டியில் இருந்து ரயில் வந்தது 1880இல்தான். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் நடந்து வந்ததே, அது இந்தப் பழைய தடத்தைத்தான் மறுபடி மிதித்தது. கடைசி நாள் நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன். தார் வீதியில், தண்ணீர்ப் போத்தலோடு. அதற்கே கால் வீங்கியது.

தேர் நாளில் உளுந்து மாமா குடும்பத்தோடு வருவார். மனைவி வெள்ளைச் சேலை, கையில் பூசை வட்டி: ஓலைத் தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, தாமரைப் பூ, ஊதுபத்தி. பௌத்தர்கள் கோயிலுக்கு வருவது எங்களுக்கு அதிசயமாகவே தெரியவில்லை. பத்தினித் தெய்யோ என்று அவர்கள் கும்பிடுவது நம் கண்ணகியை, கதிர்காமத் தெய்யோ நம் முருகன். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில் நாலந்தையில் ஒரு கல் மண்டபம் இருக்கிறது, கெடிகே என்பார்கள். பல்லவர் பாணிக் கட்டடம், உள்ளே புத்தருக்கு வழிபாடு. போவத்தன்ன நீர்த்தேக்கம் கட்டியபோது அது மூழ்கப் போகிறது என்று கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். பஸ்ஸில் போகும்போது பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. இறங்கிப் பாருங்கள், வீண்போகாது.

ஒருமுறை அப்பாவோடு நான் உளுந்து மாமாவின் ஊருக்குப் போனேன். 1981 என்று நினைவு. அடுத்த ஆண்டுதான் யுனெஸ்கோ சீகிரியாவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அப்போது அந்த ஊர் ஒரு குளம், குளத்தை ஒட்டி வயல், வயலுக்கு அப்பால் காடு, காட்டுக்கு மேல் அந்தச் சிவப்புக் குன்று. குன்றை ஊரார் கவனித்ததாகவே தெரியவில்லை. கவலையெல்லாம் யானையைப் பற்றி. காட்டுப் பாதையில் ஒரு மரத்தடியில் மாமா நின்றார். பக்கத்துப் புதரில் இலைக் கொப்பு ஒன்றை முறித்து, ஏற்கெனவே காய்ந்த கொப்புகள் தொங்கிய கிளையில் செருகிவிட்டுக் கும்பிட்டார். அய்யநாயக்கத் தெய்யோவுக்கு. காட்டில் போகிறவர் யாராக இருந்தாலும் கொப்புக் கட்டாமல் தாண்டக் கூடாது. அப்பா செருப்பைக் கழற்றினார்.

"இது நம்ம ஐயனார்தான்" என்றார் என்னிடம்.

மாமாவுக்கு அந்த அளவு தமிழ் விளங்கும். "நே முதலாலி, அபே அய்யநாயக்க" என்றார். இல்லை முதலாளி, எங்களுடைய அய்யநாயக்க. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

அன்று அவர்கள் ஊரில் முட்டி மங்கல்லய. அறுவடை முடிந்ததும் குளக்கரை மரத்தில் புது முட்டிகளைக் கட்டிக் குளத்தைக் காக்கிற தெய்வத்துக்குப் படைப்பது. புது நெல்லில் தேங்காய்ப்பால் விட்டுக் கிரிபத் காய்ச்சினார்கள். பால் பொங்கி வழிகிற நேரம் எல்லோரும் பானையைச் சுற்றி நின்று பார்த்தார்கள், எங்கள் வீட்டு முற்றத்தில் தைப்பொங்கலுக்கு நிற்பதுபோலவே. எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்கிற பழக்கம்வரை ஒன்று. சர்க்கரை மட்டும் அதில் இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

பண்டிகைப் பலகாரமும் அப்படித்தான். சித்திரைப் புத்தாண்டு இருவருக்கும் ஒரே நாள். மாத்தளையில் எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டு அக்கா காலையில் வெள்ளைத் துணி மூடிய தட்டை வேலிக்கு மேலால் நீட்டுவார். கிரிபத், கவும், கொக்கிஸ், வாழைப்பழம். கொக்கிஸ் என்பது நம் அச்சு முறுக்கு; பெயர் மட்டும் ஒல்லாந்தரிடம் வாங்கியது. பாசிப்பயற்று மாவில் செய்கிற முங் கவுமைச் சாப்பிட்டால் பயற்றம் பணியாரத்தை மறந்துவிட வேண்டியதுதான். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த சட்டம். அம்மா அதே தட்டில் அதிரசமும் வடையும் வைத்து அதே துணியால் மூடிக் கொடுப்பார். தீபாவளிக்கு எங்கள் தட்டு முதலில் போகும். வெசாக்குக்கு அவர்கள் வீதியில் தன்சல் என்கிற தானப் பந்தல் போட்டால் எங்கள் வீட்டுப் பெரிய அண்டா அங்கே போய்விடும்.

1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அப்பா இருந்த கடை எரிந்தது. அம்மனின் தேர் எரிந்தது. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் போயின. நாங்கள் எங்கும் போகவில்லை, போக இடமில்லை.

அடுத்த சித்திரைக்கு வேலிக்கு மேலால் தட்டு வந்தது. அந்தக் குடும்பம் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அந்த இரவு அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தோம். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அம்மா கிரிபத்தை எங்கள் கோப்பையில் கொட்டிக்கொண்டு, தட்டைக் கழுவி, துடைத்து, வெறுமையாகத் திருப்பினார். அந்த அக்கா ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்டதில்லை. பலகாரம் சுட மனமில்லை என்பதாகவும் இருக்கலாம். 1985 தைப்பொங்கலுக்கு அம்மாவே முதலில் தட்டை நீட்டினார், சர்க்கரைப் பொங்கலோடு. அந்த ஜூலைக்கும் இதற்கும் இடையில் ஒன்றரை வருடம்.

உளுந்து மாமா அதற்கும் பிறகுதான் வந்தார். கடை வேறு ஒரு சந்தில் சிறிதாகத் திறந்திருந்தது. அப்பாவும் அவரும் விலையைப் பற்றி மட்டுமே பேசினார்கள், வழக்கத்தைவிட நீண்ட நேரம். கடைசியில் அப்பா கேட்ட விலைக்கே அவர் சாக்கை இறக்கினார். தோசை இரண்டு. கட்டச் சம்பல் இல்லாமல் சாப்பிட்டார். அன்று சம்பல் அரைக்கவில்லை.

அதற்குப் பிந்திய வருடங்கள் வேகமாக ஓடின. தேர்கள் புதிதாகச் செய்யப்பட்டன, ஐந்தும் மறுபடி வீதிக்கு வந்தன. 1999இல் தம்புள்ளையில் பொருளாதார மையம் திறந்தது. சேனைக்காரர் சாக்கைத் தூக்கிக்கொண்டு மாத்தளைவரை வரத் தேவையில்லாமல் போனது. யுத்தம் முடிந்து ஏ9 பாதை வழமைக்குத் திரும்பியதும் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் லொறிலொறியாகத் தம்புள்ளைக்கு இறங்கின. இரவு இரண்டு மணிக்கு அந்த மையத்தில் போய் நின்றால் மூன்று இனத்தாரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பார்ப்பதைக் காணலாம், ஒருவர் மொழியில் மற்றவர். சந்தைக்கு அதுவே அழகு.

ஆனால் அதே தம்புள்ளையில்தான் 2012 ஏப்ரலில் பள்ளிவாசலைத் தாக்கினார்கள். புனித பூமி எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்லி அங்கிருந்த பத்திரகாளி அம்மன் கோயிலை 2013இல் அகற்றினார்கள். மையத்தில் விலை பேசுகிற கூட்டமும் கோயில் இடிக்க நிற்கிற கூட்டமும் வேறு வேறு என்று நம்பத்தான் எனக்கு விருப்பம். முழுவதும் வேறு என்று சொல்ல வாய் வரவில்லை. வடையைத் தின்பதும் வடை சுடுகிறவரை அயலவராக ஏற்பதும் ஒன்றல்ல.

இன்று உளுந்து மாமா இல்லை. அவருடைய மகனுக்கு என் வயது. கிம்பிஸ்ஸவில் நான்கு அறை வாடகைக்கு விடுகிறார். சேனையை விட்டு இருபது வருடமாகிறது. வனப் பகுதிக்குள் வெட்ட முடியாது, வெட்டினாலும் யானை விடாது, பிள்ளைகளுக்கோ அதில் ஆசையில்லை. சேனை இருந்த பக்கத்தில் இப்போது கிராமச் சுற்றுலா நடக்கிறது. மாட்டு வண்டியில் வெள்ளைக்காரரை ஏற்றிக் குளத்தில் தோணியில் கடத்தி, களிமண் குடிலுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே ஒரு பெண் திருவலையில் தேங்காய் துருவிக் காட்டுவார், குரக்கன் ரொட்டி தட்டுவார், தாமரை இலையில் சோறு போடுவார். எல்லோரும் படம் எடுப்பார்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் மின்சாரத் திருவலை இருக்கிறது என்பதைச் சொல்லி யாருடைய பிழைப்பையும் கெடுக்க வேண்டாம். ஒரு காலத்தில் விருந்தாளிக்குச் சும்மா போட்ட சோற்றுக்கு இன்று விலைப்பட்டியல் இருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது, மகனுக்கு உறுத்தவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சும்மா சோறு போட்ட தலைமுறை கடனோடுதான் செத்தது.

மகனின் மனைவி இப்போது தோசை சுடுகிறார். இந்திய விருந்தாளிகள் காலையில் கேட்கிறார்களாம். முதலில் பாக்கெட் மாவில் கரைத்துச் சுட்டிருக்கிறார். சாப்பிட்டவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மாத்தளையில் என் தங்கைக்கு போன் போட்டார். இத்தனை அரிசிக்கு எத்தனை உளுந்து, வெந்தயம் எவ்வளவு, கோதுமை மா போடலாமா. இந்தியருக்கென்றால் போடாதே என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சாம்பார் இன்னும் சரிவரவில்லை. சிங்களச் சமையலின் கை பழகியவருக்கு எதிலும் தேங்காய்ப்பால் விடத் தோன்றுகிறது. விட்டால்தான் என்ன என்றும் எனக்குப் படுகிறது.

2020இல் மஞ்சளுக்கும் உளுந்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது மாத்தளைச் சைவக் கடைகளில் வடை சுருங்கியது. துளை மட்டும் அதே அளவில் இருந்தது என்று பகிடி சொன்னார்கள். தோசையில் கோதுமை மா கூடியது. சில கடைகள் உளுந்து வடையை நிறுத்திக் கடலை வடையோடு சமாளித்தன. அப்போதுதான் பலருக்கு, எங்களுக்கும் சேர்த்து, தெரிந்தது: இந்த நாட்டுத் தோசை எப்போதோ இந்த நாட்டு உளுந்தை விட்டுப் போயிருந்தது.

தேர் இன்றைக்கும் மாசி மகத்துக்கு ஐந்தாகத்தான் வருகிறது. கூட்டம் கூடியிருக்கிறது, சத்தமும். தாகசாந்திப் பந்தலில் மோருக்குப் பதில் நிறம் கலந்த குளிர்பானம். சிங்களக் குடும்பங்கள் வட்டியோடு வருகின்றன, ஓலை வட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை. அவர்களில் பலர் தேர் கடந்ததும் நேராகத் தோசைக் கடைக்குத்தான் போகிறார்கள், அதில் மாற்றமில்லை. எங்கள் வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பிவிட்டது. அக்காவின் மருமகள் இப்போது தட்டைச் சுற்றி வந்து வாசலில் மணியடித்துத் தருகிறார். சில வருடம் கடையில் வாங்கிய கொக்கிஸ். சில வருடம் எங்கள் பக்கம் கடையில் வாங்கிய முறுக்கு. தட்டு வெறுமையாகப் போவதில்லை.

போன மாசி மகத்துக்கு உளுந்து மாமாவின் மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். தேர் பார்த்து, தோசை தின்று, பஸ்ஸுக்குப் போகும் வழியில் திருக்கோணமலை வீதி மளிகைக் கடை ஒன்றில் நின்று, விருந்தாளிகளின் தோசைக்கென்று ஐந்து கிலோ உளுந்து வாங்கினார். பையின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். விளைந்த இடம் மியன்மார் என்று அச்சடித்திருந்தது.